முன் ஏர்: சில குறிப்புகள்

டால்ஸ்டாய் பண்ணை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். பக்கத்து ரயில் நிலையம் லாலி, அங்கிருந்து ஒரு மைல் நடை. 1,100 ஏக்கர். ஆயிரத்தை ஒட்டிய பழமரங்கள். குடியிருப்பிலிருந்து 500 கஜம் தள்ளி ஓர் ஊற்று. தண்ணீரைக் காவடி கட்டித் தூக்கி வந்தார்கள்.

1910. நிலம் ஹெர்மன் காலன்பாக்குடையது. கட்டடக் கலைஞர், காந்தியின் நண்பர். இந்தியர் உரிமைக்காகப் போராடிய சத்தியாக்கிரகிகள் வாடகையில்லாமல் இருந்துகொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டார்.

வந்து சேர்ந்தவர்கள்: சிறைக்குப் போனவர்களின் பெண்டு பிள்ளைகள். சிறையிலிருந்து வெளியே வந்து பிழைப்பு இழந்து நின்றவர்கள். தமிழர், தெலுங்கர், குஜராத்திகள், வடநாட்டார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி.

ஆசிரம வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்ல. கஷ்டகாலம் கொண்டுவந்து விட்டது.

இப்படி வருகிறவரிடம் குறை சொல்வது மிகச் சுலபம். அவருக்குத் திரும்பிப் போக இடமில்லை.

*

பண்ணையில் ஒரு விதி: ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது.

குழி வெட்டச் சொன்னால் சொன்னவரும் குழியில் இறங்க வேண்டும். மரம் வெட்டுவது, மூட்டை தூக்குவது, தோட்டத்து வேலை, எல்லாவற்றுக்கும் இதே விதி.

பிள்ளைகள் டிமிக்கி கொடுத்ததும் உண்டு. சில நாள் காந்தி கண்டும் காணாமல் விட்டார். சில நாள் கண்டிப்பு. இரண்டையும் அவரே எழுதியிருக்கிறார். விதி இருந்ததால் எல்லோரும் ஓடி ஓடி வேலை செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை.

விதி யாரைக் கட்டியது என்று பார்க்க வேண்டும். பழையவர்களை. வந்தவர்களை அல்ல.

*

வேலைக்காரர் யாரும் கிடையாது. சமையலிலிருந்து மலம் அள்ளுவது வரை அவரவர் கை.

ஒன்றரை அடி ஆழச் சதுரக் குழி. மலத்தைக் கொட்டி, தோண்டிய மண்ணையே மேலே போட்டு மூடுவார்கள். ஈ இல்லை, நாற்றம் இல்லை. குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் வாளியில் பிடித்து மரத்துக்கு. எச்சிலும் காய்கறித் தோலும் எருவுக்கு.

புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது. பெட்டி படுக்கையை வைத்துவிட்டு வெளியே வருகிறார்கள். வக்கீலாக இருந்த ஒருவர் கையில் மலவாளி. பக்கத்தில் கட்டடக் கலைஞர் மண்வெட்டியோடு.

அவர்களிடம் அதற்கு மேல் என்ன சொல்வது.

*

எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்புகிறது. கொத்தனார் இந்த ஊர். கையாள் பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன், புதுசு. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை.

கொத்தனார் செங்கல்லை வைக்கிறார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார். கல்லை எடுத்துவிடுகிறார். மறுபடி வைக்கிறார், இந்த முறை மெதுவாக. பிறகு கரண்டியைப் பையனிடம் நீட்டுகிறார்.

பின்பக்கச் சுவரில் இன்னொரு கொத்தனார். இவர் கத்துகிற ரகம்.

அங்கே நிற்கிற கையாள் சுவரைப் பார்க்கவில்லை. கொத்தனார் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

*

கல்கத்தா, 1901 டிசம்பர். காங்கிரஸ் மாநாடு. பிரதிநிதிகள் பலருக்கு ரிப்பன் கல்லூரியில் ஜாகை. காந்திக்கும் அங்கேதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர், இந்தக் கூட்டத்துக்குப் புதியவர்.

தொண்டர்களைப் பற்றி அவர் எழுதியது: ஒருவரிடம் ஒரு வேலை சொன்னால் அவர் இன்னொருவரிடம் சொல்வார், அவர் மூன்றாமவரிடம்.

கழிப்பிடங்கள் கொஞ்சம், ஜனம் அதிகம். எங்கும் அசுத்தம். தொண்டர்களிடம் சுட்டிக் காட்டினார். அது தோட்டி வேலை என்றார்கள். துடைப்பம் கேட்டார். கேட்கப்பட்டவர் வியந்து பார்த்தார். துடைப்பத்தைத் தேடிப் பிடித்துத் தாமே ஒன்றைக் கழுவினார்.

பிறகு?

பிறகு ஒன்றுமில்லை. யாரும் பின்னால் வரவில்லை. கூட்டத்துக்கு ஒரு துடைப்பம் எப்படிக் காணும்? தாம் பயன்படுத்துவதை மட்டும் கழுவிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார். இரவில் சிலர் அறைக்கு வெளியே தாழ்வாரத்திலேயே அசுத்தம் செய்தார்கள். காலையில் அதைக் காட்டினார். அதை அள்ளவும் ஆள் வரவில்லை.

நல்ல முன்மாதிரி, தோற்ற இடம். இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். நான் மடித்து வைத்திருக்கிறேன்.

ஓர் ஆள், சில நாட்கள். பண்ணையில் பல ஆட்கள், வருஷக் கணக்கு.

*

அதே கல்கத்தா. தமிழ்ப் பிரதிநிதிகளுக்குத் தனிச் சமையல்கட்டு. மற்றவர்களிடமிருந்து வெகு தள்ளி. சாப்பிடும்போது பிறர் கண் பட்டாலே தீட்டு என்பதால் கல்லூரி வளாகத்திலேயே பிரம்புத் தட்டி கட்டி அடைத்துக் கொடுத்திருந்தார்கள். உள்ளே புகை மூச்சு முட்டும். சமைப்பது, சாப்பிடுவது, கை கழுவுவது எல்லாம் அந்த அடைப்புக்குள்ளேயே.

ஒன்பது வருஷம் கழித்து டால்ஸ்டாய் பண்ணை. ஒரே சமையல்கட்டு. ஒரே வரிசையில் சாப்பாடு. சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும். பெரிய பாத்திரங்களை முறை வைத்துக் கழுவினார்கள்.

அங்கேயும் தமிழர்கள்.

*

இறைச்சிப் பிரச்சினை. இதை நிதானமாக எழுத வேண்டும்.

காந்திக்கும் காலன்பாக்குக்கும் பண்ணையில் இறைச்சி கூடாது என்ற ஆசை. ஆனால் வந்திருக்கிற கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பிறந்ததிலிருந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கணவன் சிறையில். கையில் பிள்ளை. இந்த நிலையில் வந்தவரிடம் போய் உங்கள் சாப்பாட்டை விடுங்கள் என்று எப்படிச் சொல்வது?

காந்தி மனதுக்குள் போட்ட கணக்கு: கேட்டால் கொடுத்தாக வேண்டும். மாட்டிறைச்சி கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். சாப்பாட்டைக் காரணம் காட்டி ஒருவரை உள்ளே விடாமல் இருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த முடிவுக்கு வந்த பிறகுதான் அவர்களிடம் போய்ப் பேசினார். தம் ஆசையையும் சொன்னார். அவர்கள் சம்மதித்தார்கள்.

பிறகு பண்ணை இருந்த காலம் முழுக்க ஆணோ பெண்ணோ ஒருவரும் இறைச்சி கேட்கவில்லை என்று எழுதுகிறார்.

மாட்டிறைச்சியே ஆனாலும் கொடுப்பேன் என்று முடிவு செய்த வைஷ்ணவர் வீட்டுப் பிள்ளை. கேட்காமல் விட்ட கிறிஸ்தவப் பெண்கள். யார் யாருக்கு வழிகாட்டினார்கள் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிரிக்க வேண்டியதும் இல்லை.

*

நேரம்: காலை 6 மணி, ரொட்டியும் கோதுமைக் காப்பியும். 11 மணி, சோறு, பருப்பு, காய்கறி. மாலை ஐந்தரை, கோதுமைக் கஞ்சியும் பாலும், இல்லையென்றால் மறுபடி ரொட்டியும் காப்பியும். பிறகு பிரார்த்தனை. 9 மணிக்குப் படுக்கை.

கோதுமையைக் கையால் திரிகையில் அரைத்தார்கள். சலிப்பதில்லை.

*

ரம்ஜான்.

முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு. மற்றப் பிள்ளைகளும் கூடவே ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் சூரியன் மறையும்வரை இவர்கள் காத்திருக்கவில்லை. முன்னதாகவே சாப்பிட்டு முடித்தார்கள்.

ஏன்? நோன்பு திறக்கிறவர்களுக்குச் சமைத்துப் பரிமாற ஆள் வேண்டுமே.

இந்தச் சின்ன ஏற்பாட்டை யோசித்தவரின் மனது பெரியது. கூடப் பட்டினி கிடப்பது ஒன்று. அவர் வாயில் முதல் கவளம் போகும்போது கையில் கரண்டியோடு நிற்பது இன்னொன்று.

*

குருத்வாரா வாசல்களில் துணி வைத்திருப்பார்கள், தலையில் கட்டிக்கொள்ள. தெரியாமல் வெறுந்தலையோடு வந்தவருக்கு ஒருவர் எடுத்து நீட்டுவார். சில நேரம் கட்டியும் விடுவார்.

பந்தியில் ரொட்டி வரும்போது பக்கத்தில் இருப்பவர் இரண்டு கையையும் ஏந்துவார். அடுத்த முறை நமக்கும் இரண்டு கை தானாக நீளும்.

கோயில் வாசல் செருப்புக் குவியல். பலகை இல்லாத சின்னக் கோயிலிலும் யாரும் செருப்போடு உள்ளே போவதில்லை.

*

செருப்பு என்றதும்.

பண்ணையில் செருப்புத் தைக்க யாருக்கும் தெரியாது. காலன்பாக் மரியன்ஹில் மடத்துக்குப் போனார். டிராப்பிஸ்ட் துறவிகள் தொடங்கிய மடம். பேச்சை மிகவும் குறைத்து, உடலுழைப்பிலேயே நாளைக் கழிக்கும் மரபு அவர்களுடையது. அங்கே கற்றுக்கொண்டு வந்து காந்திக்குக் கற்றுக்கொடுத்தார். காந்தி மற்றவர்களுக்கு.

தோலைத் தொடுவதா என்று கேட்கும் ஊரிலிருந்து போன குடும்பங்கள். பெரியவர் மடியில் தோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சின்னவர்கள் சுற்றி நிற்கிறார்கள்.

*

இங்கிலாந்து, 1888. பதினெட்டு வயதுப் பையன் காந்தி வெள்ளை ஃபிளானல் உடையில் கப்பலை விட்டு இறங்கினான். இறங்கியவர்களில் வெள்ளை உடுத்தியவன் அவன் ஒருவன்தான்.

அன்று லண்டன் ஹோட்டலுக்குப் பார்க்க வந்தவர் பிராணஜீவன் மேத்தா. அவருடைய பட்டுத் தொப்பியைப் பையன் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தான். எதிர்ப்பக்கமாகத் தடவிவிட்டான், மென்ரோமம் கலைந்துவிட்டது. மேத்தாவின் முகத்தில் கோபம். பிறகு பாடம்: பிறர் பொருளைத் தொடாதே. முதல் சந்திப்பிலேயே கேள்வி கேட்காதே. உரக்கப் பேசாதே. வாய்க்கு வாய் 'சார்' போடாதே.

எல்லாம் நல்ல புத்திமதி. சொன்னவரும் நல்லவர், ஆயுள் முழுக்கத் துணை நின்ற நண்பர்.

முப்பத்தேழு வருஷம் கழித்துச் சுயசரிதை எழுத உட்கார்ந்தபோதும் அந்தத் தொப்பியின் ரோமம் நினைவில் இருக்கிறது.

*

நம்மிடம் பழமொழிகள் உண்டு. அடியாத மாடு படியாது. முன் ஏர் போன வழியே பின் ஏர்.

இரண்டும் உழவர் வாயிலிருந்து வந்தவை. மேடையில் முதலாவதைத்தான் அதிகம் கேட்கிறேன்.

*

டர்பன் வீடு, 1898. அறைகளில் சாக்கடை வசதி இல்லை. அறைக்கு ஒரு மூத்திரச் சட்டி. காந்தியின் குமாஸ்தாக்களும் அதே வீட்டில் தங்கியிருந்தார்கள். வந்து பழகிப்போனவர்கள் தங்கள் சட்டியைத் தாங்களே கழுவிக்கொண்டார்கள்.

ஒருவர் மட்டும் புதியவர். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவர் அறையைப் பார்த்துக்கொள்வது வீட்டாரின் கடமை என்பது காந்தியின் எண்ணம். வந்த அன்றே அவரிடம் போய், இங்கே அவரவர் கழுவ வேண்டும் என்று சொல்லவில்லை.

இதுவரை சரி.

ஆனால் அந்தச் சட்டியை எடுக்க வேண்டி வந்தது மனைவி கஸ்தூர்பாவுக்கு. மற்றவர்களுடையதை எடுத்திருக்கிறார். இது அவரால் முடியவில்லை. கணவர் எடுப்பதையும் பொறுக்க முடியவில்லை. கண் சிவக்க, கன்னத்தில் நீர் வழிய, கையில் சட்டியோடு படியிறங்கி வந்தார்.

காந்திக்கு அதுவும் போதவில்லை. சிரித்த முகத்தோடு செய்ய வேண்டுமாம். கத்தினார். கையைப் பிடித்து வாசல் கதவு வரை இழுத்துப் போனார், வெளியே தள்ள. எனக்கு இந்த ஊரில் போக்கிடம் ஏது, வெட்கமாக இல்லையா என்று அந்த அம்மாள் கேட்ட பிறகுதான் நின்றார்.

வீட்டுக்குப் புதியவருக்கு ஒரு வார்த்தை கூட வலிக்கவில்லை. வலி முழுக்க மனைவிக்கு.

அந்தக் குமாஸ்தாவின் பெயரைக் காந்தி எழுதவில்லை. சத்தம் அவர் அறைவரை கேட்டதா என்றும் எழுதவில்லை.

*

பெண் பிள்ளைகளின் முடி.

பண்ணையில் ஒரு பையன் இரண்டு பெண்களைக் கேலி செய்தான். காந்திக்குத் தெரிந்தது. பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அது போதாது என்று பட்டிருக்கிறது. பெண்களின் நீண்ட கூந்தலை வெட்டிவிடலாமா என்று கேட்டார். பண்ணையின் பெண்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு இணங்கினார்கள். தம் கையாலேயே வெட்டினார்.

மற்றவர்களுக்கு இது பாடமாக இருந்தது என்று அவர் எழுதுகிறார்.

எனக்கு இதை ஏற்க முடியவில்லை. தப்பு செய்தவன் ஒருவன், முடி இழந்தவர்கள் இருவர். குழிக்குள் தாமும் இறங்கியவர், ரம்ஜானில் அத்தனை நுணுக்கமாக யோசித்தவர், இங்கே கத்தரிக்கோலை எடுத்தார். இந்த ஒன்றுக்காக மற்றதை அழிக்க மாட்டேன். மற்றதற்காக இதை மறைக்கவும் மாட்டேன்.

*

ரூல்தடி.

ஒரு பையன், பதினேழு வயது இருக்கும், நல்ல உடற்கட்டு. முரடன், பொய், சண்டை. ஒருநாள் காந்தி தடியை எடுத்துக் கையில் ஓர் அடி அடித்துவிட்டார். அடிக்கும்போது அவருக்கே உடம்பு நடுங்கியது. பையன் அழுதான், மன்னிப்புக் கேட்டான்.

வலியால் அழவில்லை, என் வேதனையைப் பார்த்து அழுதான் என்று காந்தி நினைத்தார். திருப்பி அடிக்க அவனுக்குத் தெம்பு இருந்தது என்பதையும் குறித்திருக்கிறார். பிற்பாடு அவன் தம் பேச்சைத் தட்டவில்லை என்றும் எழுதுகிறார். அப்படியும் அடித்தது சரியென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

பலன் கிடைத்த பிறகும் கருவியை நம்ப மறுப்பது. இது எத்தனை பேரால் முடியும்?

*

லுடாவன். எழுபது வயது. ஆஸ்துமா, இருமல். வைத்தியத்துக்காகப் பண்ணைக்கு வந்தவர். புகையை விட வேண்டும் என்பது நிபந்தனை. விட்டேன் என்றார். இருமல் நிற்கவில்லை.

ஓர் இரவு காந்தி டார்ச்சைத் தயாராக வைத்துக்கொண்டு படுத்தார். நடுநிசியில் ஒரு நெருப்புக்குச்சி உரசும் ஒளி. டார்ச்சை அடித்தார். லுடாவன் வாயில் பீடி.

கிழவர் மன்னிப்புக் கேட்டார். காந்தியை ஏமாற்றியதற்கு. அப்புறம் தேறினார்.

இதை எந்தப் பக்கம் எழுதுவது? முன்மாதிரியா, கண்காணிப்பா? காந்தி ஆயுளில் பெரும்பகுதி புகை தொடாதவர். அந்த முன்மாதிரி தினமும் பக்கத்தில் இருந்தும் பீடி நிற்கவில்லை.

*

திருவண்ணாமலை. ரமணாசிரமத்தைப் பற்றிப் பலர் எழுதிய சம்பவம்.

வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். சம்மணம் போட்டுப் பழக்கமில்லை, காலை நீட்டியிருக்கிறார். ஆசிரமத்துக்காரர் ஒருவர் போய்ச் சொன்னார்: பகவான் முன்னால் கால் நீட்டக்கூடாது. அந்த அம்மாள் பதறி மடக்கிக்கொண்டார்.

சோபாவில் ரமணர். மூட்டுவலிக்காரர், எப்போதும் கால் நீட்டித்தான் இருப்பார். அவரும் உடனே காலை மடக்கிக்கொண்டார். நீட்டச் சொல்லிக் கெஞ்சினார்கள். அது மரியாதைக் குறைவு என்றால் எனக்கும்தானே என்று மடக்கியே வைத்திருந்தார். வலியோடு.

கண்டித்தவரை அவர் திட்டவில்லை. அன்று கூடத்தில் இருந்த எல்லோரும் அந்த முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

*

கோகலே 1912இல் பண்ணைக்கு வந்தார். ஸ்டேஷனிலிருந்து நடை, வழியில் மழை, ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.

பண்ணையில் கட்டில் கிடையாது, எல்லோரும் தரைதான். கோகலேவுக்காக ஒன்றை எப்படியோ கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மற்றவர்கள் தரையில் படுப்பது தெரிந்ததும் கட்டிலை எடுத்துவிடச் சொல்லித் தம் படுக்கையைத் தரையில் விரித்துக்கொண்டார். கால் பிடித்துவிட வந்த காந்தியையும் கடிந்துகொண்டார். கஷ்டப்படப் பிறந்தவர்கள் நீங்கள் மட்டும்தானா என்ற பொருளில்.

காந்தி தம் அரசியல் குருவாகச் சொன்னவர். பண்ணைக்கு அன்று அவர்தான் புது ஆள்.

*

சாந்திநிகேதன், 1915. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து திரும்பிய பிள்ளைகள் அங்கே தங்கித் தங்கள் சோற்றைத் தாங்களே சமைத்துக்கொண்டிருந்தார்கள். காந்தி வந்தார். சம்பளச் சமையல்காரர்களை விட்டுவிட்டு ஆசிரியர்களும் மாணவர்களுமே சமைத்தால் என்ன என்றார். மார்ச் 10 தொடங்கியது. காய் நறுக்க ஒரு குழு, பாத்திரம் தேய்க்க ஒரு குழு. தேய்ப்பவர்களுக்கு அலுப்புத் தெரியாமல் இருக்கப் பக்கத்தில் சிலர் சிதார் வாசித்தார்கள்.

சிதார்! காந்தியின் பண்ணையில் இது தோன்றியிருக்காது. தாகூரின் பள்ளியில்தான் தோன்றும்.

கொஞ்ச காலம் நடந்தது. பிறகு நின்றுபோயிற்று. வருஷத்துக்கு ஒருநாள், மார்ச் 10 அன்று, 'காந்தி புண்ணியாகம்' என்ற பெயரில் ஊழியர்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் வேலை செய்வது அங்கே வழக்கமாயிற்று.

கொண்டுவந்தவர் அங்கே தங்கவில்லை. கிளம்பிவிட்டார். இதையும் கல்கத்தாக் குறிப்புப் பக்கத்தில் வைக்கலாம்.

*

பண்ணைப் பள்ளிக்கூடம். வேலையெல்லாம் முடிந்து மத்தியானத்துக்கு மேல்தான் பாடம். ஆசிரியருக்கும் தூக்கம், பிள்ளைகளுக்கும் தூக்கம். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள்.

தமிழ்ப் பாடம் காந்தி நடத்தினார்.

பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். பேசுவார்கள், எழுத்து தெரியாது. காந்திக்கு எழுத்து தெரியும், பேச வராது. கப்பலிலும் சிறையிலும் போப் எழுதிய தமிழ்க் கைநூலை வைத்துக்கொண்டு படித்தது. அதைத் தாண்டி அவர் போகவில்லை.

ஆக, கரும்பலகைக்கு முன்னால் ஆனா ஆவன்னா எழுதுகிறவர் அவர். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது அவரைப் பார்க்க வந்தால் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவர்கள் அவருடைய மாணவர்கள்.

தம் அறியாமையை அவர்களிடம் மறைக்க முயன்றதே இல்லை என்கிறார். அவர்கள் அன்பும் மரியாதையும் குறையவில்லை என்கிறார்.

எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பெரியவருக்கு முன்னால் நின்று, வந்தவர் சொன்னதை எடுத்துச் சொல்கிறது. தப்பாகச் சொன்னால் திருத்த அவருக்குத் தமிழ் போதாது. அந்தப் பிள்ளைக்கு முதுகு எப்படி நிமிர்ந்திருக்கும்.

குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

*

பாஷை என்றதும் இன்னொருவர்: சத்தியாக்கிரகி தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்தவர். தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, ஆங்கிலம். எதையும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. புழங்கிப் புழங்கி வந்தவை.

*

ஜோகன்னஸ்பர்க் போக வேண்டுமா? பண்ணை வேலையாக என்றால் ரயில், அதுவும் மூன்றாம் வகுப்பு. சொந்த ஆசைக்கு என்றால் நடை. 21 மைல். சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். ஆறேழு மணி நேரம் பிடிக்கும். மிகக் குறைந்த நேரம் 4 மணி 18 நிமிஷம்.

இந்த 18 நிமிஷத்தை யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் பார்த்திருப்பார்கள். சலித்துக்கொண்டு நடக்கிறவர்கள் நிமிஷத்தை எண்ணி மற்றவரிடம் சொல்ல மாட்டார்கள்.

*

1913. மறுபடி போராட்டம். இந்த முறை பெண்களும் சிறைக்குப் போகலாமா என்ற பேச்சு. காந்தி முதலில் போய்க் கேட்டது பண்ணையில் வாழ்ந்திருந்த பெண்களிடம். சிறையில் என்னென்ன கஷ்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சாப்பாடு, உடுப்பு, அதிகாரிகளின் அவமரியாதை.

பதினொரு பேர் கிளம்பினார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கையில் குழந்தை. நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ப் பேசினார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. பெண்களுக்கு மூன்று மாதச் சிறை.

போகச் சொன்னவர் அதற்கு முன்பே பலமுறை போய் வந்தவர். அவர்களில் பலரின் கணவர்களும் போய் வந்தவர்கள்.

*

எழுதியதைப் புரட்டிப் பார்க்கிறேன். பண்ணையைப் பற்றி நான் எடுத்து வைத்த எல்லாம் ஒருவர் பேனாவிலிருந்து. கற்றுக்கொடுத்தவர் சொன்னது. மறைக்காமல் சொன்னார், தம் மேலேயே குறை சொல்லிக்கொண்டு சொன்னார். இருந்தாலும் ஒரு பக்கம்தான்.

முடி வெட்டக் கொடுத்த இரண்டு பெண்களின் பெயர் இல்லை. அடி வாங்கிய பையனின் பெயர் இல்லை. இறைச்சி வேண்டாம் என்று சம்மதித்த கிறிஸ்தவப் பெண்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இல்லை. முதல் நாள் வந்து இறங்கியவருக்கு வயிறு என்ன செய்தது, அந்தக் குழிப்பக்கம் போகக் கால் கூசியதா, யார் முதலில் சிரித்தார்கள், இல்லை.

பண்ணை இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் லெனேசியா. இந்தியர்கள் நிறைய வாழும் ஊர், தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அந்தப் பக்கம் உறவு இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பாட்டி, கொள்ளுப்பாட்டி வழியாக வந்த கதை ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். சமையல்கட்டைப் பற்றி, காவடித் தண்ணீரைப் பற்றி, தமிழ் தடுமாறிய வாத்தியாரைப் பற்றி. குறையாக இருந்தாலும் கேளுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், திருத்த வேண்டாம்.